ஒரு ‘ம்’மும் முப்பது கைபேசிகளும்

கோழி விழிக்கும் முன்னே விழித்து, கோழி உறங்கிய பின்னே உறங்கி, எங்கள் சங்கத்துக்கு ஓர் அறையும், அறைக்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு சாவியும் தந்து, அந்தச் சாவியை இன்றுவரை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிற விழாத் தலைவர், கோழிப்பண்ணை தங்கசாமி ஐயா அவர்களே!

ஏரி ததும்பும் பனமரத்துப்பட்டியிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்து, இந்த மேடையை முழுமை செய்திருக்கும் கிளைச் சங்கத் தலைவர் சின்னுசாமி அவர்களே! இவரை ஏன் அழைத்தோம், இவருக்கும் எனக்கும் என்ன வழக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொன்ன பிறகும் இவர் என்னோடு பேசுவார் என்று நம்புகிறேன்.

பாசத்தால் பல்லைக் கடித்து, பொறுமையால் பெருமை கொண்ட தாய்மார்களே! காவிரிக்கரைக் கொடிக்காலிலே கால் பதித்த பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு, பிடிக்காவிட்டால் நழுவலாம் என்று திட்டமிட்டிருக்கும் இளைஞர்களே! முன்வரிசையில் அமர்ந்து, இந்த மனிதன் இன்று எதை எல்லாம் உளறப் போகிறானோ என்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருக்கும் என் துணைவியார் சௌந்திரம் அவர்களே!

நிறைவாக, இதோ இந்த மேசைமீது, சிவப்புச் சாயம் பூசிய முட்டை அட்டைகளிலே சிந்தனையற்றுச் சயனித்திருக்கும் முப்பத்தெட்டுக் கைபேசிகளே! உங்கள் அனைவருக்கும், வாழைத்தோப்புப்புதூர் கைபேசி குறைப்போர் சங்கத்தின் செயலாளர், கொடிக்கால் தமிழரசுவின் வணக்கம்.

சங்கத்துக்கு இன்று ஓராண்டு நிறைவு. செயலாளர் என்ற முறையில் ஆண்டறிக்கை வாசிக்கச் சொன்னார்கள். அறிக்கையை எழுதி வைத்தேன். எங்கே எழுதி வைத்தேன்? கைபேசியில் எழுதி வைத்தேன். கைபேசி எங்கே? அதோ, அடியிலிருந்து மூன்றாவது அட்டையில். ஆகவே அறிக்கை கிடையாது. மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவையோரே! கைபேசி வருமுன்னர் நமக்குக் கை இருந்தது. அந்தக் கை வெற்றிலை கிள்ளியது, வாழைக்கன்று நட்டது, விருந்தாளி வந்தால் கும்பிட்டது. இன்று அந்தக் கை எங்கே? கையிலே கைபேசி, கண்ணிலே காணொளி, காதிலே கருவி, கருத்திலே காற்று! கட்டிலில் படுத்தாலும் அது, கழனியில் நடந்தாலும் அது, கல்யாணப் பந்தியில் கை நனைத்த பிறகும் இடக்கையில் அது!

அடுத்தவரைச் சொல்வானேன், என்னையே சொல்கிறேன். கொடிக்காலில் ஒருநாள் காலை வெற்றிலை கிள்ளப் போனேன். வலக்கை கிள்ளுகிறது, இடக்கையில் ஒரு காணொளி ஓடுகிறது. எந்த நாட்டிலோ ஒருவர் தம் குளிர்பெட்டியைத் துடைக்கிறார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் துடைத்து முடித்தபோது நான் நிமிர்ந்தேன். என் எதிரே பக்கத்துக் கொடிக்கால்காரர் நிற்கிறார். நான் கிள்ளிக்கொண்டிருந்தது அவருடைய ஆறாவது வரிசை. மனிதர் கோபிக்கவில்லை. ஏன் கோபிக்கவில்லை? அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் நான்கு பேரை எனக்குப் பெயர் சொல்லத் தெரியும், சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை நேரம் அதைப் பார்த்தேன் என்று அதுவே கணக்குக் காட்டியது. ஏழு மணி நாற்பது நிமிடம். பெற்ற தாயை அவ்வளவு நேரம் பார்த்தேனா? கட்டிய மனைவியைப் பார்த்தேனா? காவிரியைப் பார்த்தேனா? வீட்டில் யார் வந்து எதைச் சொன்னாலும் என் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல். சொல் என்றுகூடச் சொல்ல முடியாது. உதடு திறக்காமல், மூக்கு வழியாக வரும் ஒரு முனகல். ‘ம்’!

ஆம் அவையோரே, ‘ம்’! சோறு போடவா? ‘ம்’. குழம்பு கெட்டுப்போச்சு. ‘ம்’. வீட்டுக்குப் பச்சை அடிக்கலாமா? ‘ம்’. என் வீட்டை வந்து பாருங்கள். கிளி வந்து கூடு கட்டுகிற பச்சை. வழியில் போகிறவர்கள் அதை வங்கி என்று நினைத்து உள்ளே வருகிறார்கள். அதற்கு அனுமதி தந்தது யார்? என்னுடைய ‘ம்’ தந்தது.

விட்டொழிக்க வேண்டும் என்று விரதம் பூண்டேன். முதலில் அதை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். இரண்டு நாளில் எங்கள் வீட்டில் அதிகமாகச் சோறாக்கினார்கள், ஏனென்றால் ‘நானே அரிசி அளந்து தருகிறேன்’ என்று நாளைக்கு ஒன்பது முறை நான் எழுந்தேன். பிறகு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் பின்னால் வைத்தேன். என் பக்தியைக் கண்டு பக்கத்து வீட்டார் பரவசப்பட்டார்கள். இப்படித் தனியாகப் போராடித் தோற்ற தம்பதிகள் பதினைந்து ஜோடி சேர்ந்து தொடங்கியதுதான் இந்தச் சங்கம்.

சங்கத்தின் விதி ஒன்றே ஒன்று. தினமும் மாலை ஆறு முதல் எட்டுவரை எல்லாருடைய கைபேசியும் ஓரிடத்தில் உறங்க வேண்டும். எந்த இடம்? பூட்டுள்ள இடம், பொதுவான இடம், எளிதில் எடுக்க முடியாத இடம். ‘நம்ம பண்ணை முட்டை ரூம் இருக்குதுங்களே’ என்றார் தலைவர். ஆறு அட்டைகள், அட்டைக்கு ஐந்து கைபேசிகள், மேலே ஓர் அட்டையைக் கவிழ்த்துக் கயிறு கட்டி, சுவரோரமாக வைத்துவிட்டு வந்தோம். அந்த அறைக்குள் திருடன் போக முடியாது. அந்த அறையிலிருந்து வெளியே போவது முட்டை மட்டுமே. அந்த ஒன்றைத்தான் நாங்கள் முப்பது பேரும் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் வியாழக்கிழமை. மாலை ஏழு மணிக்கு லோடு ஏற்ற லாரி வந்தது. பண்ணையில் லோடு ஏற்றுபவர் காத்தான், இதோ பந்தல் காலில் சாய்ந்து நிற்கிறார். காத்தான் அண்ணே, வெட்கப்படாதீர்கள். கடமை தவறாத மனிதர். ஓர் அடுக்கைத் தூக்கினார். கனம் கொஞ்சம் குறைவாக இருந்தது. புதுக்கோழி போட்ட பொடி முட்டை போல இருக்கிறது என்று எண்ணி, உடைந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் மேலே பத்திரமாக வைத்தார். எட்டு மணிக்கு நாங்கள் முப்பது பேரும் அறை வாசலில் வரிசையில் நின்றோம். முப்பது கைபேசிகளும் பாலக்காட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

என்ன செய்திருப்பீர்கள்? போன் செய்திருப்பீர்கள். நாங்களும் அதைத்தான் நினைத்தோம். டிரைவர் எண் யாருக்குத் தெரியும்? தலைவருக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது? தலைவருடைய கைபேசியில். கேரளத்து வியாபாரியின் எண்? அதுவும் அதிலேதான். சங்கத்தில் சேராத பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி என் எண்ணுக்கு அடித்தோம். நன்றாக அடித்தது. முட்டைகளுக்கு நடுவிலே அது மணிக்கணக்கில் அடித்திருக்கிறது. மறுநாள் நண்பகலில் அங்கே அட்டையைப் பிரித்த அன்பர் எடுத்துப் பேசினார். முட்டைக்கு ஆர்டர் கொடுத்தால் போன் வருகிறதே, இது என்ன திட்டம் என்று கேட்டார். திரும்பி வரும் லாரியில், ஞாயிற்றுக்கிழமை, சார்ஜும் ஏற்றிக் கொடுத்தனுப்புவதாக உறுதி சொன்னார். அன்று இரவே மறுபடி அழைத்து, அதற்குள் ஓர் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினேன். எப்படி முடியும்? பூட்டு அங்கே, அதைத் திறக்கிற விரல் இங்கே.

எந்த எண்ணுக்காகக் கெஞ்சினேன்? அங்கேதான் அவையோரே, என் கதை தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை மாலை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கிறேன். கையில் ஒன்றுமில்லை. என் கட்டைவிரல் மட்டும் கட்டில் சட்டத்தின்மீது மேலும் கீழும் தானாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அப்போது என் மகள் மதுமதி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். அவள் அமர்ந்ததை நான் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். மூக்கில் புதிதாக ஒரு மூக்குத்தி. எப்போது குத்தினாய் என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி என்றாள்.

பிறகு அவள் சொன்னாள்: “அப்பா, திங்கக்கெழம காலைல மேட்டூர் போகோணுமுங்க. நீங்களும் கூட வாரீங்களா?”

“மேட்டூருக்கு எதுக்கு சாமி?” என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். “ஏனுங்கப்பா, வேலைக்கு ஆர்டர் வந்துச்சுன்னு உங்ககிட்டத்தான மொதல்ல கொண்டாந்து காட்டுனேன். ம்-னீங்களே.”

அவையோரே! என் மகள் மூன்றாண்டுகள் படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வென்று, மேட்டூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அரசு வேலைக்கு முதன்முதலாகப் போகும் பெண். அந்தக் காகிதத்தை ஓடிவந்து என்னிடம் நீட்டியிருக்கிறாள். நான் ‘ம்’ என்றிருக்கிறேன். அந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை. என் மகளின் அந்த முகத்தைப் பார்க்காமல் எதைப் பார்த்தேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. “அந்தப் பனமரத்துப்பட்டிக்காரங்க, கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகக்கூடாதுன்னு சொன்னாங்கல்லங்க. எனக்கு வேண்டாம், சொல்லிருங்கன்னேன். அதுக்கும் ம்-னீங்க. சொல்லிப்போட்டீங்கல்ல?” என்றாள்.

அடுப்படியிலிருந்து என் துணைவியார் பால் செம்போடு வந்தார். அவர் சொன்னார்: “வேண்டாம்ங்கறதா? நீங்கதான ம்-னீங்க. நான் ஞாயித்துக்கெழம உப்புச்சக்கரைக்கு வரச்சொல்லிப்போட்டேன்.”

வெளியூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணை உறுதி செய்ய மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சர்க்கரையும் கொண்டு வந்து மாற்றிக்கொள்வார்கள். அது மாறிவிட்டால் பேச்சு மாறக்கூடாது. ஒரே வாரத்தில், ஒரே கட்டிலில், ஒரே நான், மகள் ‘வேண்டாம்’ என்றதற்கு ஒரு ‘ம்’, மனைவி ‘சரி சொல்லட்டுமா’ என்றதற்கு இன்னொரு ‘ம்’! மகளிடம் நேரில் சொல்லவில்லையா என்று மனைவியைக் கேட்டேன். சொன்னாராம். மகள் காதில் பாட்டுக் கருவி இருந்ததாம். அவளும் ‘ம்’ என்றாளாம். அப்பன் பெண்ணல்லவா! வீட்டுக்கு அடித்த பச்சையைக் கூட, தனக்கு வேலை கிடைத்ததற்காக அடிக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஞாயிறு உப்புச்சர்க்கரை. திங்கள் மேட்டூர். உப்பு மாறினால் மேட்டூர் போச்சு. தடுப்பதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் இரண்டே இடத்தில் இருந்தது, என் கைபேசியிலும் என் மனைவி கைபேசியிலும். இரண்டும் கேரளத்தில்.

சனிக்கிழமை காலை நேரில் புறப்பட்டேன். மாப்பிள்ளையின் பெயர்? தெரியவில்லை. அவருடைய வாட்ஸப் படம் சூரியகாந்திப் பூ என்பது மட்டும் தெரியும். சூரியகாந்திப் பூவை வைத்துக்கொண்டு யாரிடம் வழி கேட்பது? பெயர் ஈஸ்வர், அப்பா பெயர் சின்னுசாமி, ஏரிக்கரைக்கு மேற்கே நீல நிற கேட் என்று துணைவியார் சொல்லியனுப்பினார்.

எங்கள் காவிரிக்கரை வேலூரில் பேருந்து ஏறினேன். பேருந்து முழுக்கக் குனிந்த தலைகள். பார்க்க ஒன்றுமில்லாமல் சன்னலைப் பார்த்தேன். நாமக்கல் வந்தது. ஊர் நடுவே இம்மாம்பெரிய பாறை, அதன்மேல் ஒரு கோட்டை! கண்டக்டரிடம், “இது எப்பங்க வந்துச்சு?” என்று கேட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம், இவர் எங்கே இறங்க வேண்டும், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார்.

பனமரத்துப்பட்டி சேர்ந்தேன். ஏரிக்கரை, மேற்கு, நீல கேட். வாசலில் நாற்காலி போட்டு, சின்னுசாமி அவர்கள் அமர்ந்திருந்தார். ஆம், இதோ தலைவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, இவரேதான். கையில் கைபேசி. அதில் யாரோ யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பேசினேன் அவையோரே! இன்று பேசுவதைவிட அன்று நன்றாகப் பேசினேன். மகளின் படிப்பைச் சொன்னேன், மேட்டூரைச் சொன்னேன், என் மடமையைச் சொன்னேன், மன்னிப்பைக் கேட்டேன், நாளைக்கு வரவேண்டாம் என்று கைகூப்பிச் சொன்னேன். அரை மணி நேரம்! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யானைக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தார்கள். அவர் சொன்னார்: ‘ம்.’

ஆகா, என்ன பெருந்தன்மை! ஒரு சுடுசொல் இல்லை, ஒரு கேள்வி இல்லை! கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். நாமக்கல் பேருந்து நிலையத்தில் தேநீர் குடிக்கும்போதுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. அந்த ‘ம்’மை எங்கேயோ கேட்டிருக்கிறேனே? உதடு திறக்காமல், மூக்கு வழியாக... அது என்னுடைய ‘ம்’ அல்லவா! அங்கேயே பேருந்தைத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். பெரிய மனிதர், குடும்பஸ்தர், காதில் விழாமலா போயிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வீடு வந்தேன். மகளிடமும், எல்லாம் முடிந்தது சாமி என்று சொல்லிவிட்டேன். அது என் அடுத்த தப்பு.

என்னங்க? முன்வரிசையில் விரலைக் காட்டுகிறார்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார் துணைவியார். முடித்துவிடுகிறேன், வேன் வந்துவிட்டது.

ஞாயிறு காலை பத்து மணி. வாசலில் வேன் வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். பட்டுச்சேலை, பழத்தட்டு, ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் சர்க்கரை. எல்லாருக்கும் முன்னால் சிரித்த முகத்தோடு சின்னுசாமி அவர்கள். சங்கத்து உறுப்பினர்கள் முப்பது பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் பாவம், பார்ப்பதற்கு மூன்று நாளாக வேறு ஒன்றும் இல்லை.

உள்ளே திரும்பினேன். கதவோரம் மதுமதி. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நேற்றுச் சொன்னீர்களே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ‘ம்’ என்று பதில் சொல்ல முடியுமா? முடியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த நாற்பது பேருக்கு முன்னால் நின்றேன். சொன்னேன்:

“எம்புள்ளைக்கு இதுல விருப்பம் இல்லீங்க. அவ என்கிட்டச் சொன்னா, நான் கேட்டும் கேக்காம உட்டுட்டேன். அவ நாளைக்கு மேட்டூர்ல வேலைக்குச் சேர்றா. தப்பு முழுக்க என்மேலதானுங்க, அவமேல இல்ல.”

சின்னுசாமி அவர்களின் முகம் சிவந்தது. “ஏனுங்க, இத நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க வேன் புடிச்சிருக்க மாட்டோமில்லீங்க?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து மாப்பிள்ளை ஈஸ்வர் மெல்லச் சொன்னார்: “நேத்து இவரு வந்து சொன்னப்ப நான் உள்ளதான் இருந்தேனுங்கப்பா. அப்புறம் உங்ககிட்ட நான் மூணு தடவ சொன்னேன்.”

சின்னுசாமி அவர்கள் மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அந்தக் கையில் அது இருந்தது.

அப்போதுதான் அவையோரே, தெருமுனையில் முட்டை லாரி வந்து நின்றது! வந்த வேகத்தில் முப்பதும் ஒலித்தன. கோயில் மணி ஒன்று, குழந்தை அழுகை ஒன்று, அம்மன் பாட்டு மூன்று, கோழி கூவுவது ஏழு! பாய்ந்தார்கள் பாருங்கள் என் சங்கத்துச் சிங்கங்கள்! பத்து நாள் பட்டினி கிடந்தவர்கூடப் பந்திக்கு அப்படிப் பாயமாட்டார். தலைவர் ஐயா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். என் துணைவியார் மூன்று அடி எடுத்துவைத்தார். நான்? பொய் சொல்லமாட்டேன். நானும் இரண்டு அடி எடுத்துவைத்தேன்.

“அப்பா” என்றாள் மதுமதி.

நின்றேன். திரும்பினேன். லாரியில் என் கைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எனக்குத் தெரிந்த சத்தம். என் கட்டைவிரல் துடிக்கிறது. அவள் கேட்டாள்: “நாளைக்கு வாரீங்களாப்பா?”

“வாரேன் சாமி. காலைல அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கே போயிரலாம்” என்றேன்.

பல மாதங்களில் என் மகள் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த முதல் முழுப் பதில் அது. அவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நாற்பது பேருக்கு முன்னால் அழுதேன். அந்த நாற்பது பேரில் ஒருவரும் அதைப் படம் எடுக்கவில்லை. அதற்கு இன்றும் அவர்களுக்கு என் நன்றி.

வந்தவர்கள் பசியோடு போகலாமா? கொண்டுவந்த உப்பு ரசத்துக்குப் போயிற்று, சர்க்கரை பாயசத்துக்குப் போயிற்று. இலை போட்டோம். சின்னுசாமி அவர்கள் தம் கைபேசியைக் கொண்டுபோய்த் தாமாகவே முட்டை அட்டையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து, நேற்று நான் அரை மணி நேரம் என்னதான் பேசினேன் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இம்முறை அவருக்கும் கண் கலங்கியது. அடுத்த மாதமே பனமரத்துப்பட்டியில் கிளைச் சங்கம் தொடங்கிவிட்டார். ஈஸ்வர் தம்பிக்கும் வேறு நல்ல இடத்தில் மணம் முடிந்தது. அதைப் பேசி முடிக்க அப்பாவே நேரில் ஆறு முறை நடந்தார் என்று கேள்வி.

என் பெரியோர்களே, ஓராண்டில் நாங்கள் கற்றது என்ன? இரண்டு மணி நேரம் எடுத்த எடுப்பில் வராது. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள். கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சும்மா விட்ட கை சும்மா இருக்காது, அதற்கு ஒரு வெற்றிலையைக் கொடுங்கள், வெங்காயத்தைக் கொடுங்கள், பேரப்பிள்ளையின் கையைக் கொடுங்கள். வழுக்கி விழுந்தால் மறுநாள் மறுபடியும் வையுங்கள். என்னுடைய ஏழு மணி நாற்பது இன்று இரண்டே கால். போன வாரம் மட்டும் நான்கு. மறைக்கமாட்டேன், யானை மறுபடியும் குளித்தது. காத்தான் அண்ணன் தூக்காமல் இருக்க அட்டைக்குச் சிவப்புச் சாயமும் பூசிவிட்டோம்.

ஆனால் நேரத்தைக் குறைப்பதா நம் நோக்கம்? நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? நம் எதிரே நின்று ஒருவர் வாய் திறக்கும்போது, நாம் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான்! மறுத்துச் சொல்லுங்கள், திட்டிச் சொல்லுங்கள், ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ‘ம்’ மட்டும் சொல்லாதீர்கள்! மனைவிக்கு ‘ம்’ வேண்டாம், மகனுக்கு ‘ம்’ வேண்டாம், மகளுக்கு ‘ம்’ வேண்டவே வேண்டாம்! இன்று மாலை வீட்டுக்குப் போய், நிமிர்ந்து பார்த்து, முழு வார்த்தையில் பதில் சொல்வீர்களா? இந்த ஊரே எனக்கு வாக்குக் கொடுங்கள். செய்வீர்களா?

...

அவையோரே, இப்போது எல்லாருமாகச் சேர்ந்து என்ன சொன்னீர்கள்? எனக்கு நன்றாகக் கேட்டது. இருநூறு பேர், ஒரே குரலில், ‘ம்’! தலைவரும் சொன்னார். என் துணைவியாரும் சொன்னார். ஓராண்டு உழைப்பு!

மறுபடியும் கேட்கிறேன். இதுதான் கடைசி முறை. செய்வீர்களா?

பொறுங்கள், பொறுங்கள். பின்னால், பந்தல் வாசலில் ஒரு குரல் கேட்டதே. மேட்டூர் பஸ்ஸிலிருந்து நேராக வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் நின்றுகொண்டு, ‘செய்யறேனுங்கப்பா’ என்றதே, அந்தக் குரல். வந்துவிட்டாயா சாமி? இவ்வளவு நேரமும் பேச்சுக்கு நடுவே அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது எனக்குக் கேட்டது.

இருநூறு ‘ம்’முக்கு ஒரு முழு வார்த்தை கிடைத்துவிட்டது. இந்த ஆண்டுக்கு எனக்கு அது போதும். காது கொடுத்த தாய்மார்களுக்கும், கைபேசி கொடுத்த உறுப்பினர்களுக்கும், அறை கொடுத்த தலைவருக்கும், கோபத்தை விட்டுக்கொடுத்த சின்னுசாமி அவர்களுக்கும் நன்றி கூறி, என் மகளோடு பேசுவதற்காக இந்த மேடையை விட்டு இறங்குகிறேன். எல்லாருக்கும் வணக்கமுங்க.